ஒரு லண்டன் படமும் என் மகளின் அபிப்பிராயமும்

1

நம்ம ஊர்ப் பிள்ளைகளே,

மாலைப் படிப்பகத்தில் நீங்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிய கேள்விகளை உங்கள் டீச்சர் எனக்கு அனுப்பியிருந்தார். குவைத்தில் மழை பெய்யுமா, ஒட்டகத்தின் மேல் ஏறியிருக்கிறீர்களா, அங்கே மீன் நம்ம மீன் மாதிரி ருசிக்குமா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். கடைசியாக ஒரு பிள்ளை, பெயர் போடாமல், இப்படி எழுதியிருந்தது: "வெளிநாட்டில் இருக்கிறவங்களைப் பார்த்தா எங்களுக்குப் பொறாமையா இருக்கு. உங்களுக்கு அங்கே யாரைப் பார்த்தாவது பொறாமை வருமா மாமா?"

ஒட்டகத்தைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள். நான் இந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். வரும், பிள்ளைகளே. நன்றாகவே வரும். இந்த வருஷம் எனக்கு வந்த பொறாமை பணக்காரனைப் பார்த்தோ, பெரிய கார் வைத்திருக்கிற அரபியைப் பார்த்தோ வந்ததில்லை. எங்கள் வீட்டுக்குள்ளேயே, அடுத்த அறையில் இருக்கிற ஒரு நல்ல மனிதரைப் பார்த்து வந்தது. அதற்குக் காரணம் ஒரு லண்டன் படம்.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் ஏசி மெக்கானிக். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வந்தவன். என் மனைவி ஸ்டெல்லா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் மகள் ஷெரின் மூன்று வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினோராம் வகுப்பு. நாங்கள் இருப்பது அப்பாசியா என்ற இடத்தில். தெருவில் இறங்கினால் மலையாளமும் தமிழும்தான் காதில் விழும். வாடகை அதிகம் என்பதால் ஒரு வீட்டை இரண்டு குடும்பமாகப் பங்கு போட்டு இருக்கிறோம். ஆளுக்கு ஓர் அறை, ஹாலும் சமையலறையும் பொது. அடுத்த அறையில் இருப்பவர்கள் சென்னைக்காரர்கள். பாஸ்கரன் சாரும் அவர் மனைவி வித்யாவும். அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலை. ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டர் அவருடையது. "எல்லாரும் யூஸ் பண்ணுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். இந்தப் பெருந்தன்மைதான் எனக்கு வினையானது.

2

இங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் ஞாயிறு பூசையை வெள்ளியன்றே வைத்துவிடுவார்கள். பூசைக்குப் போய் வந்து, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து ஒரு படம் பார்ப்போம். தெருமுனையில் கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் டிவிடி கடை வைத்திருக்கிறார், அங்கிருந்து எடுத்து வருவோம். ரிமோட் எப்போதும் என் கையில்தான் இருக்கும். ஏன் என்று உங்கள் அப்பாமார்களைக் கேளுங்கள். வளர்ந்த பிள்ளையோடு உட்கார்ந்து படம் பார்க்கிற தகப்பனுக்குக் கட்டைவிரல் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ஷெரின் எடுத்து வந்தது ஓர் ஆங்கிலப் படம். பெயரைச் சொல்ல மாட்டேன், நீங்கள் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுவீர்கள். லண்டனில் குறைந்த காசில் எடுத்த படமாம். ராணி இல்லை, அரண்மனை இல்லை, பெரிய மணிக்கூண்டுகூட இல்லை. நம்ம ஊர் சுனாமிக் குடியிருப்பை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது மாதிரி உயரமான பழைய கட்டடங்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்கட்டில் பையன்கள் தொப்பியை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

கதை சின்னதுதான். அந்தக் கட்டடத்தில் ஒரு தாய். ஆபீஸ்களைத் துடைத்துப் பெருக்கிப் பிழைப்பவள். இரண்டு மகன்கள். இளையவன் போதைப்பொருள் விற்கிற கும்பலோடு சேர்ந்துவிடுகிறான். மூத்தவனுக்குத் தெரியவருகிறது. அவன் முதலில், "எனக்கென்ன, அவன் பாடு" என்று இருக்கிறான். பிறகு திடீரென்று மனம் மாறி, தம்பியை விட்டுவிடுங்கள் என்று அந்தக் கும்பலிடம் போய்த் தன்னை ஒப்புக்கொடுக்கிறான். அவ்வளவுதான். பாட்டு இல்லை, சண்டைகூட ஒழுங்காக இல்லை. கத்தி எடுத்தவனே பயந்து நடுங்குகிறான்.

கதையை முகங்களைப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன்; அவர்கள் பேசிய ஆங்கிலம் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. நான் வேலை செய்கிற இடங்களில் ஆங்கிலம் பேசித்தான் பிழைக்கிறேன், ஆனால் இது வேறு ஆங்கிலம். கெட்ட வார்த்தை மட்டும் விளங்கியது. அதுவும் அடிக்கடி விளங்கியது.

படம் முடிந்ததும் ஷெரின் தலையைத் திருப்பினாள். நான் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பியது இடது பக்கம்.

"அங்கிள், ஹவ் வாஸ் இட்?"

பாஸ்கரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப ரா'வா இருக்கு. ஆனா கேமரா வொர்க் பிரமாதம். என்ன சொல்ற?"

பிறகு இரண்டு பேரும் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். என்னிடம் பேசும்போது அவள் கை அசைவதே இல்லை. "ஓகே டாடி," "தெரியல டாடி," "சாப்ட்டாச்சு டாடி." அதற்குக் கை எதற்கு?

ராத்திரிச் சோற்றின்போது நானும் ஷெரினிடம் ஒரு அபிப்பிராயம் சொல்லிப் பார்த்தேன்.

"கேமரா வொர்க் நல்லாருந்துதுல்லா மக்களே?"

"அதை அங்கிள் அப்பவே சொல்லிட்டார் டாடி," என்றாள்.

ஸ்டெல்லா சிரிப்பை அடக்க ரசத்தைக் குடித்தாள்.

3

சில நாள் கழித்துப் படிக்கட்டில் பாஸ்கரன் சார் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன ஆன்டனி, பொண்ணு ரைட்டர் ஆயிட்டா போல! எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன்."

"என்ன சார் எழுதினா?"

"அட, உங்களுக்குத் தெரியாதா?"

பிள்ளைகளே, இந்த ஒரு கேள்வியை எந்தத் தகப்பனிடமும் கேட்காதீர்கள்.

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருக்கிறதாம். படம் பார்த்தவர்கள் யார் வேண்டுமானாலும் அதில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதலாம், பத்துக்கு இத்தனை என்று மார்க் போடலாம். மற்றவர்கள் படித்துவிட்டு, பயனுள்ளது, பயனில்லை என்று ஒரு பொத்தானை அமுக்கலாம். பதிலும் எழுதலாம். ஷெரின் அந்த லண்டன் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள். எழுதி, பாஸ்கரன் சாரிடம் வாசித்துக் காட்டி, அவர் ஒன்றிரண்டு இடம் திருத்தி, அது உலகத்துக்கே போய்விட்டது. உலகம் என்றால் எங்கள் அறையைத் தவிர மற்ற உலகம்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து, "எனக்கும் வாசிச்சுக் காட்டு மக்களே" என்றேன்.

"டாடி, அது இங்கிலீஷ்ல இருக்கு."

"தமிழ்ல சொல்லு."

"தமிழ்ல சொன்னா அந்த எஃபெக்ட் வராது டாடி."

பாஸ்கரன் சார்தான் சுருக்கமாகச் சொன்னார். அவள் பத்துக்கு நாலு போட்டிருக்கிறாள். "பாதிப் படத்தில் தாயைக் காணவில்லை. மூத்தவன் ஏன் மனம் மாறினான் என்றும் தெரியவில்லை. இயக்குநர் இரண்டையும் எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனார்" என்பது அவள் எழுதியதில் சில வரிகளாம். அந்த வரிகளைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். தன் சொந்தப் பிள்ளை பரிசு வாங்கியது மாதிரி ஒரு வெளிச்சம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பக்கத்தில் வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். லண்டன்காரன் ஒருவன், "என் தெருவை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள், என் பழைய வீட்டு வாசல்கூடத் தெரிகிறது" என்று எழுதியிருந்தான். இன்னொருவன், "கேமரா பிடித்தவருக்குக் குளிர்காய்ச்சலா? என் மாமா எடுத்த கல்யாண வீடியோ இதைவிட மேல்" என்றான். ஒரு பெண், "இப்படிப் படம் எடுத்து எடுத்துத்தான் எங்கள் பையன்களைப் போலீஸ்காரர்கள் தெருவில் நிறுத்திச் சோதிக்கிறார்கள். இந்தக் கட்டடத்தில் கத்தி இல்லாத வீடும் உண்டு, வந்து பாருங்கள்" என்று கோபப்பட்டிருந்தாள். இவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் என் மகள் மனதில் என்ன ஓடுகிறது என்று இவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அதன் பிறகு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நான் ஹால் ஏசியைக் கழற்ற ஆரம்பித்தேன். ஃபில்டரை எடுத்துக் கழுவுவேன், துடைப்பேன், மாட்டுவேன். மறுபடி கழற்றுவேன். "என்ன ஆன்டனி, நேத்துதானே கழுவினீங்க?" என்று வித்யா கேட்டார். "தூசிக் காத்துல்லா" என்றேன். அந்த மாதம் அப்பாசியாவிலேயே சுத்தமான ஏசி எங்கள் ஹாலில்தான் ஓடியது.

4

பிறகு ஒரு நாள் மத்தியானம் நான் வேலை முடிந்து வந்தபோது ஹாலில் அழுகைச் சத்தம். ஷெரின் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முழங்காலில் முகம் புதைத்திருந்தாள். பாஸ்கரன் சார் பக்கத்தில் நின்றார்.

அவள் அபிப்பிராயத்துக்குப் பதில் வந்திருக்கிறது. ஒன்றல்ல, வரிசையாக.

"தாயை மறந்துவிட்டாரா? அந்தத் தாய் குளியலறையில் இருந்து பேசுகிற காட்சிதானே படத்தின் உயிரே! நீ பார்த்தது எந்தப் படம்?" என்று ஒருவன். "பாப்கார்ன் வாங்கப் போயிருப்பாள்" என்று இன்னொருவன். "படமே பார்க்காமல் எழுத வந்துவிடுகிறார்கள், இதற்குப் பத்துக்குப் பூஜ்யம்" என்று மூன்றாமவன். பயனில்லை என்ற பொத்தானை ஆளாளுக்கு அமுக்கித் தள்ளியிருந்தார்கள்.

"நான் பார்த்தேன் அங்கிள்! ஃபுல்லா பார்த்தேன்! அப்படி ஒரு சீனே இல்ல!"

"விடும்மா. இதெல்லாம் வேலையில்லாதவங்க. எழுதினதை எடுத்துடு, மறந்துடு."

"எடுத்தா ஓடிட்டேன்னு சொல்வாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். அவங்க யாரு, நாம யாரு?"

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவள் அழுகை கூடியது. முதல் தடவையாக அவர் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு, பிள்ளை அழுகிறபோதும், உள்ளே ஒரு மூலையில் சர்க்கரைத் தண்ணி குடித்தது மாதிரி இருந்தது. பொறாமை அப்படிப்பட்டது. அதற்கு நேரம் காலம் தெரியாது.

டிவிடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

கோழிக்கோட்டுக்காரர் கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நான் டிவிடியை மேஜையில் வைத்தேன்.

"இதுல குளியலறைக் காட்சி ஒண்ணு உண்டாமே. எங்க?"

அவர் சாயாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேட்டா, நிங்ஙள் பள்ளிக்குப் போற ஆளல்லே? குளிமுறி சீன் எந்தினா?" பூசைக்குப் போகிற ஆளுக்கு இந்தக் காட்சி எதற்கு என்கிறார்.

"ஐயோ, அதுக்கில்லவே! எனக்க மகளுக்கு!"

"மகள்க்கோ?" அவர் கண் இன்னும் பெரிதாகியது.

எல்லாம் விளக்கிச் சொல்லி என் மானத்தை மீட்க ஒரு சாயா நேரம் ஆயிற்று. பிறகு அவர் சிரித்தார். இங்கே கடைக்கு வருகிற படங்களில் குளிக்கிறது, முத்தம் கொடுக்கிறது, படுக்கிறது, எல்லாம் வெட்டித்தான் வரும். யார் வெட்டுகிறார்கள் என்று அவரும் கேட்பதில்லை. தொட்டியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் போதும், அவள் தாயா, பாட்டியா, என்ன பேசுகிறாள் என்று பார்க்க மாட்டார்கள். கத்தரி அவ்வளவு தூரம் யோசிக்காது.

இது எங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம், படங்கள் குதித்துக் குதித்துத்தான் ஓடும். பழகிப்போய், அதையும் படத்தின் ஒரு குணம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டோம். போதாததற்கு ரிமோட்டோடு நான் வேறு. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை படத்தில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால் கத்தரியை நினைக்காது, இயக்குநரைத்தான் திட்டும். லண்டனில் இருக்கிறவனுக்கு இது எப்படி விளங்கும்?

நம்ம கோயில் முற்றத்தில் திரை கட்டிப் படம் போட்ட காலத்தில் ஒரு பங்குச் சாமியார் இருந்தார். காதல் காட்சி வந்தால் புரொஜெக்டர் முன்னால் உள்ளங்கையை நீட்டிவிடுவார். திரை முழுக்க அவர் விரல்கள்தான் தெரியும். மறுநாள் வலை உலர்த்துகிற இடத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், சாமியார் கைக்கு அடியில் என்ன நடந்தது என்று. ஆனால் அப்போது எங்களுக்குக் கை தெரிந்தது. என் மகளுக்குக் கையே தெரியவில்லை.

5

மேலே வந்து சொன்னேன். ஷெரின் முகம் தெளியும் என்று நினைத்தேன். இன்னும் மோசமாகச் சுருங்கியது.

"ஸோ, நான் ஒரு கட் காப்பியைப் பார்த்துட்டு ஊருக்கெல்லாம் லெக்சர் அடிச்சிருக்கேன். இன்னும் கேவலம்."

"அதை அப்படியே எழுது."

"எதை?"

"நாங்க இருக்கிய நாட்டுல எங்களுக்குக் கிடைச்ச காப்பியில அந்தக் காட்சி இல்ல. நான் பாக்காதது உண்மை. பாத்தவங்க அதுல என்ன இருந்துதுன்னு சொல்லுங்க. இப்பிடி எழுது."

பாஸ்கரன் சார் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். "ஆன்டனி, வேணாம். நாம விசாவுல இருக்கோம். இந்த நாட்டுல வெட்டினாங்க, இந்த நாட்டுல காட்டலைன்னு இன்டர்நெட்ல எழுதி, யாராவது பார்த்து, உங்க கஃபீல் காதுக்குப் போனா?"

கஃபீல் என்றால் எங்களுக்கு விசா கொடுத்து வைத்திருக்கிற முதலாளி. அவர் கையெழுத்தில்தான் எங்கள் இருப்பு. மற்ற நாளாக இருந்தால் பாஸ்கரன் சார் சொல்லுமுன் நானே கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கியிருப்பேன். நான் அவ்வளவு தைரியசாலி இல்லை. ஆனால் ஷெரின் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்பது என்று அந்தக் கண் கேட்டது. அந்தப் போட்டியில் என்னால் தோற்க முடியவில்லை.

"நாடு பேரு வேண்டாம். யாரு வெட்டினான்னும் வேண்டாம். காப்பியில இல்லன்னு மட்டும் எழுது மக்களே. உண்மைக்கு எவன் கஃபீல்?"

சினிமா வசனம் மாதிரி இருந்தது. எனக்கே ஆச்சரியம். ஷெரின் எழுதினாள்.

அதன் பிறகு நான் பட்ட பாடு! ஆபீசிலிருந்து போன் வந்தால் மூன்றாம் தடவைதான் எடுத்தேன். ஒரு நாள் எங்கள் கட்டடத்துக்குக் கீழே போலீஸ் வண்டி நின்றது. நான் பின்பக்கப் படிக்கட்டு வழியாக இறங்கி, இரண்டு தெரு சுற்றி, மீன் கடையில் தேவையில்லாமல் ஆவோலிக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். போலீஸ் வந்தது யாரோ தப்பாக நிறுத்திய காருக்கு.

"என்ன ஆன்டனி, உண்மைக்கு எவன் கஃபீல்னீங்க?" என்று சிரித்தார் பாஸ்கரன் சார்.

"சும்மா இரும் சார். இப்பமும் உள்ளுக்குள்ள குளிருது."

நைட் டூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லா இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "புள்ள நெஞ்சில எடம் பிடிக்க இந்த மனுஷன் ஜெயிலுக்கும் போவாரு."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

6

பதில்கள் வந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஷெரின் எங்கள் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்தாள். எனக்காக ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். வார்த்தை கிடைக்காதபோது கையால் காற்றில் தேடினாள். எஃபெக்ட் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் கையை ஆட்டிப் பேசியது போதும்.

முதலில் அவளிடம், "நீ பார்த்தது எந்தப் படம்?" என்று கேலி செய்தவனே மன்னிப்புக் கேட்டிருந்தான். அந்தக் காட்சியையும் எழுதியிருந்தான். தாய் வேலை முடிந்து வந்து குளியலறைக்குள் போகிறாள். தொட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். மூத்தவன் மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறான். அவள் உள்ளே இருந்தபடி, "தம்பியைக் கூட்டிக்கொண்டு வா. இல்லையென்றால் நீயும் வராதே" என்று சொல்கிறாள்.

அதற்குக் கீழே, முன்பு கோபப்பட்ட அந்தப் பெண், "இல்லவே இல்லை. அவள் அப்படிச் சொல்லவில்லை. தான் லண்டனுக்கு வந்த முதல் நாள் வழி தவறிப்போன கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள். பிறகு அது சிரிப்பா அழுகையா என்று தெரியாது" என்று எழுதியிருந்தாள்.

மூன்றாவது ஆள், "இரண்டு பேருமே திரும்பப் போய்ப் படத்தைப் பாருங்கள். அவள் மகனிடம் லிஃப்ட் சரியாகிவிட்டதா என்று மட்டும்தான் கேட்கிறாள். வேறு ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் நடுங்க வைக்கிறது" என்றான்.

பிறகு அவர்களுக்குள்ளேயே சண்டை. முழுப் படத்தையும் பார்த்தவர்கள், ஒரே காட்சியை, மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். அந்தக் காட்சி முழுக்கக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

"எது சரின்னே தெரியல," என்றாள் ஷெரின். பிறகு தலையைத் திருப்பினாள். வலது பக்கம்.

"டாடி, நீங்க சொல்லுங்க. அந்த அம்மா என்ன சொல்லியிருப்பாங்க?"

எத்தனை நாளாக இதற்குக் காத்திருந்தேன்! கேமரா, வெளிச்சம், எடிட்டிங் என்று பாஸ்கரன் சாரிடமிருந்து பொறுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரை வந்தன. ஒன்றும் பொருந்தவில்லை. தொட்டியில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். வளர்ந்த மகன் கதவுக்கு வெளியே. மற்ற நாளில் "ஓகே மம்மி, தெரியல மம்மி" என்று போகிறவனாக இருக்கும்.

"என்ன சொன்னாளோ, அது பெரிசில்ல மக்களே. தொட்டியில உக்காந்த பொறவும் குழாயை ஏன் மூடல? தண்ணிச் சத்தம் நின்னா, அம்மா வெளியே வரப்போறான்னு அவன் நகந்து போயிருவான். அவளுக்கு அவன் அங்கனயே நிக்கணும். அதுக்குத்தான் தண்ணியை விட்டுக்கிட்டே இருந்திருக்கா. வாயில வந்ததைப் பேசியிருப்பா. லிஃப்டோ, பஸ்ஸோ, எதுவோ. அவன் நின்னதுனாலதான் பொறவு தம்பியைத் தேடிப் போனான்."

பாஸ்கரன் சார் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுத எனக்குத் தமிழ் போதாது.

"வெயிட் டாடி," என்றாள் ஷெரின். "திரும்பச் சொல்லுங்க. மெதுவா." நான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்தாள். "என் தந்தை சொல்கிறார்" என்று ஆரம்பித்திருந்தாள். அதை மட்டும் தமிழில் எனக்குச் சொன்னாள்.

7

இப்போது நடப்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

என் அபிப்பிராயத்துக்குக் கீழே பதில்கள் வந்தபடி இருக்கின்றன. சண்டை போட்ட மூன்று பேரும் சமாதானமாகிவிட்டார்கள். அந்தப் பெண், "நான் இரண்டு மகன்களை வளர்த்தவள். இந்தத் தந்தை படத்தைப் பார்க்காமலேயே பார்த்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறாள். பயனுள்ளது என்ற பொத்தானை மளமளவென்று அமுக்கியிருக்கிறார்கள். நேற்றுச் சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்தபோது ஷெரின் திரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மக்களே?"

"ஒண்ணுமில்ல."

"மறுபடி திட்டுறானுவளா?"

"இல்ல. எல்லாரும் டாடி எங்க, டாடி வேற படம் பார்த்தாரா, டாடி என்ன சொல்றார்னு கேக்கறாங்க." திரையைச் சட்டென்று மாற்றிவிட்டாள். "நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். அதுக்கு ஒருத்தர்கூட யூஸ்ஃபுல்னு போடல. நீங்க சோபாவுல உட்கார்ந்து ரெண்டு நிமிஷம் பேசினீங்க."

"அதுக்கு நான் என்ன செய்யிய?"

"இனிமே நீங்க சொல்றதை என் பேர்ல போட மாட்டேன். உங்களுக்குன்னு தனியா ஒரு அக்கவுன்ட் ஓபன் பண்ணிக்கோங்க. பாஸ்வேர்டு நீங்களே வச்சுக்கோங்க."

மூக்கு விடைத்து, கண் சுருங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்ற அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் சாயல் ஒரு துளி இல்லை. அப்படியே என் முகம். பதினாறு வருஷத்தில் அவள் என்னைப் போல இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

"சரி மக்களே," என்றேன். "திறந்து குடு. ஆனா நான் பேசுவேன், நீதான் எழுதணும்."

அவள் முறைத்துக்கொண்டே பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள்.